கிராணி வாசிக்கும் பெயர்: நிரல்மொழிக்குள் இருக்கும் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் பெரட்டு (விடியற்காலை ஆள் கணக்கு) எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எக்ஸ்எஸ்எஸ் என்ற வலைத்தள ஓட்டை புரிவது எளிது. விடியும் முன்பே ஆட்கள் கூடி நிற்பார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் பெயராக வாசிப்பார். ஒருநாள் ஒரு பெயர்க் கட்டத்தில் யாரோ ஒருவன், "இன்று வேலை இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதி வைத்துவிடுகிறான். கிராணி தூக்கக் கலக்கத்தில் அதையும் அதே குரலில் வாசித்துவிடுகிறார். கூட்டம் கலைந்துவிடும். எழுதியவன் தானே முன்னால் வந்து சொல்லியிருந்தால் ஒருவரும் நகர்ந்திருக்கமாட்டார்கள். கிராணியின் வாயிலிருந்து வந்ததால் பெயர் உத்தரவாக மாறியது.

இங்கே கூட்டம் என்பது உலாவி. கிராணி என்பது வலைப்பக்கத்தை அனுப்பும் வழங்கி. வழங்கி எதை அனுப்பினாலும் உலாவி நம்பும். பயனர் தட்டிய பெயருக்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஒளிந்திருந்தால், அதையும் அந்தத் தளத்தின் சொந்த நிரலாகவே எண்ணி இயக்கும். இதற்கு கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்ற பெயரை மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வைத்தார்கள். சுருக்கினால் சிஎஸ்எஸ் என்று வரவேண்டும். அந்த மூன்றெழுத்தைப் பக்க அழகுக்கான மொழி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டதால், இதற்கு எக்ஸ் வந்து சேர்ந்தது.

வழக்கமான பாடங்கள் இதை நிரல் எழுதுபவரின் கவனக்குறைவாக மட்டுமே பேசும். பாதி உண்மைதான். ஆனால் பைத்தான், ரூபி, கோ, பிஎச்பி போன்ற மொழிகள் தாமாகவே சில பக்கங்களை அச்சிட்டு அனுப்புகின்றன. அவற்றை நாம் எழுதியிருக்கமாட்டோம், பார்த்துக்கூட இருக்கமாட்டோம். என்றாலும் அவை நம் முகவரியிலிருந்து, நம் கிராணியின் குரலில்தான் போகின்றன. இந்த வழிகாட்டி அந்தப் பக்கங்களைப் பற்றியது.

என் கையில் வெடித்த கதை

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே, பழைய நெடுஞ்சாலையில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், ஒரு கடைவீட்டு மாடியில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளில் பலர் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். வருகைப் பதிவுக்கென்று பைத்தானில் ஒரு சிறு சேவை எழுதினேன். ஒரு கணினியில் உள்ள செயல்களை இன்னொரு கணினியிலிருந்து அழைக்க உதவும் எக்ஸ்எம்எல் ஆர்பிசி நூலகம் பைத்தானோடு கூடவே வருகிறது; அதில், சேவையில் என்னென்ன செயல்கள் உண்டு என்பதை விளக்கும் பக்கத்தைத் தானாகவே உருவாக்கித் தரும் ஒரு வழங்கி இருக்கிறது. எனக்கு வேலை மிச்சம். அந்தப் பக்கத்தின் தலைப்பாக வகுப்பின் பெயரைக் கொடுத்தேன். வகுப்பின் பெயரோ ஒரு பெட்டியில் பிள்ளைகளே தட்டுவது.

ஒரு மாணவி அந்தப் பெட்டியில் ஏதோ தட்டினாள். அடுத்து விளக்கப் பக்கத்தைத் திறந்த ஒவ்வொருவர் திரையிலும் "வணக்கம்" என்று ஒரு செய்திப் பெட்டி குதித்தது. "சார், நான் பெயர்தான் தட்டினேன்" என்றாள், முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

என் நிரலை வரி வரியாகப் பார்த்தேன். பட்டியலில் வரும் பெயர்களையெல்லாம் ஒழுங்காகத்தான் கையாண்டிருந்தேன். ஓட்டை பைத்தானில் இருந்தது. அதை 2019-இலேயே கண்டுபிடித்துச் சரிசெய்தும் விட்டார்கள், 3.7.5-இல் அடைபட்டது. என் மடிக்கணினியில் இருந்தது 3.7.4. மேம்படுத்தாமல் விட்டது என் சோம்பல். அதன் பிறகுதான் இந்த வழிமுறையை வகுப்புப் பாடமாக்கினேன்.

முதலில் இடம் பிடியுங்கள்

சோதனை முழுவதும் உங்கள் சொந்தக் கணினியில் நடக்கவேண்டும். வழங்கியை 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்கச் சொல்லுங்கள், 0.0.0.0 என்று கொடுத்தால் அதே வைஃபையில் உள்ள எல்லாரும் உள்ளே வரலாம். பழைய பதிப்பைத் தனி அடைவில் நிறுவுங்கள். வேலைக்குப் பயன்படும் பதிப்போடு கலக்காதீர்கள்.

அடுத்தவர் தளத்தில் "சும்மா ஒரு குறி தட்டிப் பார்த்தேன்" என்பது மலேசியாவில் விளையாட்டாகாது. 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அனுமதியில்லாத நுழைவுக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

மொழி தானே அச்சிடும் பக்கங்களைத் தேடுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் நிரல் எழுதாத ஆனால் உங்கள் வழங்கி அனுப்பும் பக்கங்களை எழுதுங்கள். நான் வழக்கமாகத் தேடும் இடங்கள் நான்கு. இல்லாத முகவரியைக் கேட்டால் வரும் பிழைப்பக்கம். கோப்புப் பெயர்களைக் காட்டும் அடைவுப் பட்டியல். தானாக உருவாகும் விளக்கப் பக்கம். நான்காவது பக்கமே அல்ல, தலைப்புச் செய்தி (ஹெடர்): இது எச்டிஎம்எல் எனும் வலைப்பக்க மொழியா, படமா, வெறும் எழுத்தா என்று உலாவிக்குச் சொல்லும் வரி. நான்காவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொன்றிலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: வெளியாள் கொடுத்த எழுத்து ஏதாவது இதில் வந்து விழுகிறதா? பிழைப்பக்கத்தில் கேட்ட முகவரி விழும். அடைவுப் பட்டியலில் கோப்பின் பெயர் விழும். பிறர் கோப்பு ஏற்றலாம் என்றால் பெயர் வைப்பதும் பிறர்தானே.

குறிச்சொல்லைப் போட்டு, மூலத்தைப் பாருங்கள்

எடுத்ததும் ஜாவாஸ்கிரிப்டைத் தட்டிப் பார்ப்பது பழக்கமில்லாதவர் செய்வது. அது ஓடாவிட்டால் ஓட்டை இல்லை என்று நினைத்துவிடுவார்கள். அதற்குப் பதில் வேறெங்கும் வராத ஒரு சொல்லை எடுத்து, அதைச் சுற்றி ஐந்து குறிகளை வையுங்கள்:

< > " ' & 770077

ஏன் எண்? "செம்பனை" என்று தமிழில் வைத்தால் பெட்டியில் சரியாக வரும். ஆனால் முகவரியில் தட்டும்போது உலாவி அதை விழுக்காட்டுக் குறிகளாக மாற்றிவிடும். பிறகு தேடினால் கிடைக்காது. எண் மாறாது. முகவரியில் உள்ள < > " ஆகியவற்றையும் உலாவி அதுபோல மாற்றிவிடும் என்பதால், பிழைப்பக்கத்தைச் சோதிக்கும்போது உலாவியை விட்டுவிட்டுக் கட்டளை வரியில் கர்ள் கருவியைப் பயன்படுத்துங்கள்.

பதில் வந்ததும் பக்கத்தைப் பார்க்காதீர்கள்; பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். காரணம், < என்ற குறி அப்படியே வந்தாலும் &#60; என்று வந்தாலும் திரையில் ஒன்றுபோலவே தெரியலாம். மூலத்தில்தான் வேறுபாடு தெரியும். 770077 என்று தேடி, அருகில் உள்ள ஐந்து குறிகளில் எவை மாறியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பாக மாறியிருந்தால் இப்படி இருக்கும்: &#60; &#62; &#34; &#39; &#38;. சில மொழிகள் எண்ணுக்குப் பதில் பெயர்ச்சுருக்கத்தைத் தரும். உலாவிக்கு இரண்டும் ஒன்றே.

ஒற்றை மேற்கோள் குறியைத் தனியாகக் கவனியுங்கள். பிஎச்பியில் இந்த மாற்றத்தைச் செய்யும் முதன்மையான செயல், 8.1 பதிப்பு வரும்வரை, தனியாகச் சொன்னால் ஒழிய ஒற்றை மேற்கோளைத் தொடாமல் விட்டுவிடும். பழைய பிஎச்பியில் எழுதிய பக்கத்தில், ஒரு எச்டிஎம்எல் குறியின் பண்புக்கு (ஆட்ரிபியூட்) தரும் மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்திருந்தால், நான்கு பூட்டுப் போட்டு ஐந்தாவது கதவைத் திறந்து வைத்த கதைதான்.

விழுந்த இடம் எது?

என் மாணவியின் பெயர் விழுந்த இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். எச்டிஎம்எல் குறிகளைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதுகிறேன்; தட்டும்போது உரிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பழைய பதிப்பில் பைத்தானின் அந்த விளக்க வழங்கி நம்மிடம் மூன்று எழுத்துத் துண்டுகளை வாங்குகிறது: சேவையின் பெயர், அதன் விளக்கம், பக்கத்தின் தலைப்பு. பெயரை எஸ்கேப் செய்கிறது, அதாவது அதிலுள்ள குறிகளை மேலே பார்த்த பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்றுகிறது. விளக்கத்தையும் எஸ்கேப் செய்கிறது. தலைப்பை மட்டும் அப்படியே எடுத்து <டைட்டில்>பைத்தான்: …</டைட்டில்> என்ற இடத்தில் வைத்துவிடுகிறது. மூன்று பிள்ளைகளில் இருவருக்குச் சட்டை மாட்டி, மூன்றாமவனை அப்படியே பள்ளிக்கு அனுப்பியதுபோல. இரண்டைச் சரியாகச் செய்தவர்களுக்கு எக்ஸ்எஸ்எஸ் தெரியாமலில்லை. தலைப்பை நிரலர்தானே கொடுக்கிறார், வெளியாள் எங்கே கொடுக்கப்போகிறார் என்று நினைத்திருக்கலாம். வகுப்பு நடத்தும் என்னைப் போன்ற ஒருவன் அதில் பெட்டியைத் திறந்து வைப்பான் என்று யார் கண்டார்கள்?

மாணவி முதலில் <பி> என்று தட்டிப் பார்த்திருக்கிறாள். எழுத்து தடிமனாகவில்லை. உலாவியின் தாவலில் <பி> என்று அப்படியே தெரிந்தது. பலர் இங்கேயே விட்டுவிடுவார்கள். டைட்டிலுக்குள் வரும் எதையும் உலாவி குறியாகக் கருதாது. வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் உலாவி கவனிக்கும் ஒரே முடிவுக்குறி </டைட்டில்> மட்டும். அவள் அதை முதலில் தட்டி, தலைப்பை மூடிவிட்டு, அதற்குப் பின்னால் <ஸ்கிரிப்ட்> எழுதினாள். தலைப்பு மூடப்பட்டதும் உலாவி மீண்டும் குறிகளைக் கவனிக்கத் தொடங்கியது. "வணக்கம்" வந்தது.

ஆகவே இடம் பார்த்துத்தான் சோதனை. குறிகளுக்கு நடுவே விழுந்தால் < போதும். பண்பின் மதிப்பில் விழுந்தால் மேற்கோளைத் தாண்டவேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் உள்ளேயே விழுந்தால் < தேவையே இல்லை. எச்டிஎம்எல் எஸ்கேப்பும் பயன்படாது.

இந்தக் கடைசி இடத்தில் தேர்ந்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். கோ மொழியின் எச்டிஎம்எல் வார்ப்புரு நூலகம், மதிப்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதைத் தானே கண்டறிந்து அதற்கேற்ப எஸ்கேப் செய்யும். என் கருத்தில் இதுவரை வந்தவற்றில் சிறந்த ஏற்பாடு அது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் 2015-இல் பின்சாய்ந்த ஒற்றைக் குறிக்குள் (பேக்டிக்) எழுதும் புதுவகைச் சரத்தை, அதாவது எழுத்துத் துண்டைச், சேர்த்துக்கொண்டது. நூலகத்துக்கு அது சரத்தின் எல்லை என்று தெரியவில்லை. 2023-இல் 1.20.3, 1.19.8 பதிப்புகளில்தான் அதை அடைத்தார்கள். அந்த இடத்தில் மதிப்பை வைத்தால் பிழை என்று மறுக்கும்படி செய்தார்கள். மொழி ஒன்று வளரும்போது அதைக் காவல் காக்கும் இன்னொரு மொழியும் வளரவேண்டியிருக்கிறது.

தலைப்புச் செய்தியைத் தனியாகச் சோதியுங்கள்

மேலே சொன்ன நான்காவது இது. கர்ள் கருவியைத் தலைப்புச் செய்திகளையும் காட்டச் சொல்லி, உள்ளடக்க வகை வரியைப் படியுங்கள். இரண்டு கேள்விகள்: வகை சொல்லியிருக்கிறதா? எழுத்துக் குறியாக்கம், அதாவது பைட்டுகளை எந்த முறையில் எழுத்தாகப் படிக்கவேண்டும் என்பது, சொல்லியிருக்கிறதா?

குறியாக்கம் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரூபியின் வெப்ரிக் வழங்கி சாட்சி. அதன் பிழைப்பக்கம் முகவரியை ஒழுங்காக எஸ்கேப் செய்துதான் காட்டியது. ஆனால் குறியாக்கத்தைச் சொல்லவில்லை. அக்காலத்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் குறியாக்கத்தைத் தானே ஊகிக்கும். யுடிஎஃப்-7 என்றும் ஊகிக்கக்கூடும். அந்தக் குறியாக்கத்தில் < என்பதைப் பிளஸ் குறி, ஏ, டி, டபிள்யூ, மைனஸ் குறி என்று எழுதலாம். எஸ்கேப் செய்யவேண்டிய ஐந்து குறிகளில் ஒன்றுகூட அதில் இல்லை! காவலாளி கத்தியைத் தேடிக்கொண்டிருக்க, திருடன் கத்தியின் படத்தோடு உள்ளே போய், உள்ளே போனதும் படம் கத்தியாகிவிட்டது. 2010-இல் இதை அடைத்தார்கள். பிழைப்பக்கத்தின் தலைப்புச் செய்தியில் ஐஎஸ்ஓ-8859-1 என்று குறியாக்கத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். பைத்தானின் அடைவுப் பட்டியலிலும் இதே குறை இருந்து 2.7.2-இல் சரியானது. இன்றைய உலாவிகள் யுடிஎஃப்-7-ஐ ஏற்பதில்லை. எச்டிஎம்எல் தரமே அதைத் தடுக்கிறது. என்றாலும் குறியாக்கத்தைச் சொல்லும் பழக்கத்தை விடாதீர்கள். நமக்கு அதில் கூடுதல் காரணமும் உண்டு: யுடிஎஃப்-8 என்று சொல்லாத பக்கத்தில் தமிழ் கிறுக்கலாகிவிடும்.

வகை சொல்லாவிட்டால்? கோவின் சாதாரண வழங்கி, நிரலர் வகையைச் சொல்லாதபோது பதிலின் முதல் 512 பைட்டுகளைப் பார்த்து வகையை முடிவு செய்யும். அதே மொழியின் சிஜிஐ, ஃபாஸ்ட்சிஜிஐ பாதையில் (வேறொரு வழங்கி நம் நிரலை அழைத்து இயக்கும் முறைகள்) மட்டும் முன்பு எதையும் பார்க்காமல் எச்டிஎம்எல் என்று சொல்லிவந்தது. ஒருவர் படம் ஒன்றை ஏற்றுகிறார். அதன் நடுவில் ஸ்கிரிப்ட் ஒன்று ஒளிந்திருக்கிறது. சாதாரண வழங்கியில் அது படமாகவே போகும். சிஜிஐ வழியில் அது பக்கமாகப் போய், ஸ்கிரிப்ட் ஓடும். நிரல் ஒன்றே, இயங்கும் இடம் மட்டும் வேறு. 2020 செப்டம்பரில் 1.15.1, 1.14.8 பதிப்புகளில் சரிசெய்தார்கள். எந்த மொழியானாலும் உள்ளடக்க வகையை நீங்களே எழுதிவிடுங்கள். இதில் மொழியை நம்பிப் பயனில்லை.

அடைப்பது: வாசலில் அல்ல, கிராணியின் வாயில்

இப்போது என் இரண்டாவது தவறு. செய்திப் பெட்டியைப் பார்த்த பதற்றத்தில், அன்றிரவே உள்ளீட்டுப் பெட்டியில் சாய்கோட்டைத் தடை செய்தேன். முடிவுக்குறிக்குச் சாய்கோடு வேண்டுமே, அதைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணம். மறுநாள் வருகைப் பதிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒருவர் பெயரும் உருப்படியாக இல்லை. நம்மவர் பெயர்களில் அடையாள அட்டையிலேயே "ஏ/எல்" (இன்னாரின் மகன்), "ஏ/பி" (இன்னாரின் மகள்) இருக்கிறதே! சாய்கோடு போனதும் தகப்பன் பெயர் மகன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் பிறகு ஓட்டையும் அடைபடவில்லை. ஏற்கெனவே பதிவான பெயர்கள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

ஆங்கில எழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் நீக்கும் வடிகட்டிகளும் இந்த ரகம்தான். தமிழில் பெயர் எழுதினால் வெற்றிடம் மிஞ்சும். பெயர் எப்படி வந்ததோ அப்படியே சேமியுங்கள். பக்கத்தில் அச்சிடும் அந்த ஒரு கணத்தில், விழும் இடத்துக்கு ஏற்றபடி எஸ்கேப் செய்யுங்கள். செக்ரோலில் யார் என்ன எழுதினாலும், கிராணி அதைப் "பெயர்: இன்று வேலை இல்லை" என்று பெயராகவே வாசித்தால் ஒருவரும் நகரமாட்டார்கள்.

பைத்தானில் செய்த திருத்தமும் இதுதான். தலைப்பைப் பக்கத்தில் வைக்கும் வரியில், தலைப்பைச் சுற்றி எஸ்கேப் செயலை மாட்டினார்கள். ஒரே வரி. அதோடு, குறிகள் கலந்த தலைப்பைக் கொடுத்து அது மாறி வருகிறதா என்று பார்க்கும் சோதனையையும் சேர்த்தார்கள். நீங்கள் திருத்தம் எழுதினால் சோதனையை முதலில் எழுதுங்கள், பழைய பதிப்பில் அது தோற்பதை உங்கள் கண்ணால் பாருங்கள், பிறகு திருத்துங்கள். எஸ்கேப் செயலை நீங்களே எழுத நேர்ந்தால் & குறியை முதலில் மாற்றுங்கள். கடைசியில் மாற்றினால் ஏற்கெனவே உருவான &#60; என்பதன் & மறுபடி மாறி, &#38;#60; என்று ஆகிவிடும்.

உடனே மேம்படுத்த முடியாதவர்கள், மொழியிடம் தலைப்பைக் கொடுக்கும்போதே தாங்கள் எஸ்கேப் செய்து கொடுக்கலாம். உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் தொடமுடியாதபடி அமைப்பதும், பக்கத்திலேயே எழுதிய ஸ்கிரிப்ட் ஓடக்கூடாது என்று உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை என்ற தலைப்புச் செய்தியைச் சேர்ப்பதும் நல்ல இரண்டாம் வேலி. வேலி இருக்கிறது என்று கதவைத் திறந்து போடவேண்டாம்.

சொல்லவேண்டியவரிடம் சொல்லுங்கள்

நீங்கள் கண்டது இதுவரை யாருக்கும் தெரியாத ஓட்டையாக இருந்தால், பொதுவில் எழுதாதீர்கள். பெரிய மொழிகள் பலவற்றுக்கும் பாதுகாப்புக் குழுவும் அதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரியும் உண்டு. அந்த மடலில் இருக்கவேண்டியவை: மொழியின் துல்லியமான பதிப்பு, பத்துப் பதினைந்து வரிக்குள் ஓட்டையைக் காட்டும் நிரல், வந்த பதிலின் மூலம், மூல நிரலில் எந்த வரி என்ற உங்கள் ஊகம். பாதிப்பைக் காட்ட "வணக்கம்" பெட்டி போதும். குக்கியைத் திருடிக் காட்டவேண்டியதில்லை.

ஒரு கேள்வி நிச்சயம் திரும்பி வரும்: "அந்த மதிப்பை வெளியாள் எப்படிக் கொடுப்பார்?" பிழைப்பக்கத்து முகவரி என்றால் பதில் எளிது. தலைப்பு போன்ற ஒன்று என்றால் விவாதம் எழும். நிரலர் மட்டுமே கொடுக்கும் மதிப்பாயின் அது வெறும் பிழை. வெளியாள் கைக்கு எட்டுமாயின் ஓட்டை. நடக்கக்கூடிய ஒரு சூழலை மூன்று வரியில் எழுதிவிடுங்கள். கோபப்படாதீர்கள், மறுபக்கம் பலர் சம்பளமின்றி உழைப்பவர்கள். மலேசியத் தளம் ஒன்று உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருப்பது தெரியவந்தால், சைபர்செக்யூரிட்டி மலேசியா நடத்தும் சைபர்999 உதவி மையத்துக்குத் தெரிவிக்கலாம்.

மேம்படுத்திய பிறகு ஒரு வேலை

ஒருவழியாகப் பைத்தானை மேம்படுத்தினேன். இரண்டு நாள் கழித்து அதே மாணவி கூப்பிட்டாள். "சார், கணிதம் அறிவியல் வகுப்பின் தாவலைப் பாருங்கள்." வகுப்பின் பெயர் "கணிதம் & அறிவியல்". தாவலில் & குறிக்குப் பின்னால் ஏ, எம், பி, அரைப்புள்ளி என்று தேவையில்லாத வால் ஒன்று தொங்கியது. ஓட்டைக்கு ஒட்டாக நான் மாட்டி வைத்திருந்த எஸ்கேப்பும், இப்போது மொழியே செய்யும் எஸ்கேப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. என் வரியை அழிக்கச் சொல்லி விசைப்பலகையை அவளிடம் தள்ளினேன். அழித்தாள். பிறகு, நான் சொல்லாமலே, பெயர்ப் பெட்டியில் அந்த ஐந்து குறிகளையும் 770077 என்ற எண்ணையும் தட்டி, பக்கத்தின் மூலத்தைத் திறந்தாள்.